தொட்டிலுக்கு வாங்கிய டர்பன்டைன்

நம் வயதுக்காரர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நல்ல டர்பன்டைன் இப்போது எங்கே கிடைக்கிறது? கும்மிடிப்பூண்டியில் நான் ஏறி இறங்காத பெயிண்டுக் கடை பாக்கி இல்லை.

என் மகன் ஒரு பழைய தேக்கு மேசையை எங்கிருந்தோ வாங்கி வந்து கூடத்தில் போட்டிருக்கிறான். யார் வீட்டு மொட்டை மாடியிலோ கிடந்து, வெயிலும் மழையும் தின்று வெளுத்துப்போன மேசை. கையை வைத்தால் சிலாம்பு ஏறுகிறது. "வார்னிஷ் அடிக்காதே. ஆளிவிதை எண்ணெயில் நல்ல டர்பன்டைனைக் கலந்து துணியால் தேய்த்து விடு, மரம் குடித்துவிட்டு உயிர் பிடித்துக்கொள்ளும்" என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஓய்வுபெற்ற நர்சுக்கு மரவேலை எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்டாள். கேட்டுவிட்டு, வாங்கி வரும் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டாள்.

கடைக்குக் கடை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டுகிறார்கள். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய்க்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு வாடை.

"இது டர்பன்டைன் இல்லப்பா" என்றேன் ஒரு கடைக்காரரிடம்.

"இதாம்மா டர்பன்டைன். எல்லா பெயிண்டரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க."

"மரத்துல இருந்து எடுக்கறது வேணும்."

"மரத்துல இருந்தா?" அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்ட கிழவி என்று நினைத்திருப்பார்.

நான் கேட்டது பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி எடுப்பது. அதன் வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது பால் பீறிடுமே, அந்த வாடையோடு கொஞ்சம் கற்பூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் அந்த வாடைதான் இருந்தது. கடைப்படியில் நின்றபோது அது நினைவுக்கு வந்து, பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பதறிப்போய் தண்ணீர் கொடுத்தார்.

அந்தக் கோடையில் என் அத்தை பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நைனாவின் ஒரே தங்கச்சி. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆந்திரா எட்டிப் பார்க்கிற தூரம்தானே. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தைக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் கூரை வீடுதான். அவளைக் கொடுத்திருந்தது ஆரம்பாக்கத்துப் பக்கம், சொந்த நிலம் உள்ள குடும்பத்தில். அத்தை நல்ல நிறமாக இருப்பாள், அதைப் பார்த்துத்தான் கேட்டு வந்தார்கள். கூலிக்கார வீட்டுப் பெண் என்பதை அவள் மாமியார் ஒரு நாளும் மறந்ததில்லை.

அத்தைக்கு அதற்கு முன்பே ரெண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துவிட்டது. மூன்றாவது நின்றதும் அவள் மாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து, காபியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இதுவும் தங்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. எங்க அண்ணன் பொண்ணு ஊட்டோட கீது. எம்புள்ளைக்கும் ஒரு வாரிசு வேணும் இல்ல?"

நைனா தலையை ஆட்டினார். அத்தை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுவிட்டுப் பிறகு மறுபடி கேட்டது.

போகும்போது அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னாள். குழந்தையை அழைத்துக்கொண்டு வரும்போது தாய்மாமன் சீராக மரத்தொட்டில் வர வேண்டுமாம். "எங்கூட்டுல ஏணையில புள்ள தூங்காது." புடவையைக் கட்டித் தொங்கவிட்ட ஏணையில்தான் நானும் என் தம்பியும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தூங்கி வளர்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நைனா அப்போதுதான் வயல்கூலியை விட்டு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்டு கம்பெனியில் சேர்ந்திருந்தார். காக்கிச் சட்டை, சாப்பாட்டு டப்பா, சைரன் சத்தம் எல்லாமே எங்கள் தெருவுக்குப் புதுசு. அவர் வேலை டிரம்முகளைக் கழுவுவது. பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து உள்ளே கையை விட்டுத் துடைக்க வேண்டும். விரல்களெல்லாம் வெளுத்து, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வரும். அவர் வீட்டில் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். எங்கள் தெருவில் ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். "துரை, இன்னா இன்னிக்கு நாஷ்டா?" என்று பெயர் வைத்தே கூப்பிட்டார்கள். கம்பெனிக்குப் போனதும் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். உரிந்த விரலில் மிளகாய் பட்டால் என்ன எரிச்சல் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே ஸ்பூனைக் கழுவி வைப்பார்.

தொட்டில் ரயில்வே குவார்ட்டர்சிலிருந்து வந்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போனார். சாமான் ஏற்றப் போன நைனாவிடம், விறகோடு விறகாகக் கிடந்த பழைய தேக்குத் தொட்டிலைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். நாலு மூலையிலும் பித்தளை வளையம், தலைமாட்டுப் பலகையில் ரெண்டு கிளிகள். ஒரு கிளிக்கு மூக்கு இல்லை. மரம் காய்ந்து சாம்பல் பூத்து, அடிப்பலகையில் வெடிப்பு ஓடிக்கிடந்தது. நைனா அதைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அத்தை கையால் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் சிலாம்பு ஏறிவிட்டது.

"இதுல எப்படிண்ணா புள்ளைய போடறது?" என்றாள் அழாத குறையாக.

"மரத்துக்குத் தாகம்மா. எண்ணெ குடுத்தா சரியாப்பூடும்" என்றார் நைனா.

வார்னிஷ் அடித்தால் குழந்தை நக்கும், பல் முளைக்கிறபோது கடிக்கும். அதனால் வார்னிஷ் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தனியாகப் போட்டால் மேலேயே பிசுக்காக நிற்கும், டர்பன்டைன் கலந்தால்தான் மரத்துக்குள் இறங்கும். இதெல்லாம் பெயிண்டு கம்பெனியில் காதில் விழுந்த சங்கதிகள். அம்மா சுலபமான வழி சொன்னாள்.

"உங்க கம்பெனியிலதான் டிரம் டிரம்மா கீதே. ஒரு பாட்டில்ல புடிச்சிக்கினு வாயேன்யா. எல்லாரும் எடுத்துக்கினு வரல?"

உண்மைதான். கம்பெனிக்குப் போகிற ரெண்டு மூன்று பேர் கொண்டு வந்து கொடுத்த சரக்குதான் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து. கம்பெனியில் இருந்து வந்தது என்றால் அசல் என்று ஒரு எண்ணம். ஆனால் நைனா தன் ரெண்டு கைகளையும் அம்மாவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"இத பண்ணது அதுதாம்மே. அதப் போயி புள்ள படுக்கற எடத்துல தேய்ப்பனா? அது கல்லெண்ணெ, மண்ணெண்ணெ ஜாதி. மரத்துக்கு மரத்தோடதுதான் ஒத்துக்கும்."

அப்புறம் தொடங்கியது தேடல். ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கும்மிடிப்பூண்டி முடிந்து பொன்னேரி, பொன்னேரி முடிந்து திருவள்ளூர். கடையில் ஒரு சொட்டு கேட்டு வாங்கி, காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் விட்டு, காற்றில் ஆட்டிக்கொண்டு நிற்பார். நல்ல சரக்கென்றால் தடம் தெரியாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி கறை நிற்கும். எல்லாக் கடையிலும் கறை நின்றது. ஒரு கடைக்காரர், "வாங்கற மூஞ்சியப் பாரு, டெஸ்ட் வேற" என்றார். நைனா அதற்கும் சிரித்தார். எனக்குத்தான் அந்த ஆளைக் கடித்து வைக்க வேண்டும் போல இருந்தது.

திருவள்ளூர் தெருவில் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று யோசனை வந்தது. டர்பன்டைனை மூட்டு வலிக்கும் தேய்ப்பார்களே, உடம்பில் தேய்க்கிறதில் கலப்படம் பண்ணுவார்களா என்ன? நேராக ஒரு மெடிக்கல் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் தட்டையான பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"யாருக்கு மூட்டு வலி?"

"தொட்டிலுக்கு சார்."

"தொட்டிலுக்கா? எந்த மூட்டுல?"

"நாலு மூலையிலும்தான் சார்."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு சொட்டைத் தாளில் விட்டோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் வெள்ளையாக ஆகிவிட்டது. நைனா விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு என் மூக்கருகில் நீட்டினார். அந்த மாங்காய்ப்பால் வாடை. அவர் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஒரு பாட்டிலில் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால், மெடிக்கல் கடை மெடிக்கல் கடையாக ஏறி வாங்கினோம். இப்போது அங்கேயும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்றே வருவதில்லை என்கிறார்கள். பாட்டில் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

புங்கமரத்து நிழலில் தொட்டிலை வைத்து, கிழிந்த வேட்டித் துணியை எண்ணெயில் நனைத்து நைனா தேய்த்தார். முதல் நாள் மரம் எண்ணெயை உறிஞ்சின வேகத்தைப் பார்த்து அம்மாவே அசந்துபோனாள். சாம்பல் நிறம் போய்த் தேன் நிறம் வந்தது. மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்த்து, அப்படியே கோடை போனது. "ஊடு பூரா மருந்துக்கடை நாத்தம், தலைய வலிக்குது, ஒரே பேஜாரு" என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். அத்தைக்கு மட்டும் அது பிடித்திருந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிளியைத் தடவி, குனிந்து முகர்ந்து பார்ப்பாள்.

"வாசனையா கீதுண்ணா" என்பாள்.

"புள்ள வர்றதுக்குள்ள இதுவும் பூடும். புள்ள மூக்குக்கு ஒண்ணும் தெரியக்கூடாது" என்பார் நைனா.

பையன் பிறந்தான். அத்தையின் மாமியார் வந்து, பார்த்து, முதல் தடவையாக எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழந்தை பூஞ்சையாக இருந்தான். ரெண்டு வாய் பால் குடித்ததும் களைத்துப்போய் வாயை எடுத்துவிடுவான். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். அழுதால் உதடு கறுக்கும். "சோம்பேறி, உங்க மாமன் மாதிரி ஓடியாடி பொழைக்க மாட்டான் போல" என்று அத்தை கொஞ்சுவாள். எங்களுக்கு அதற்கு மேல் தெரியாது.

மூன்றாம் மாதம் அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் தொட்டிலில் துளி வாடை இல்லை. நைனா அடிப்பலகையில் முகத்தை வைத்துப் படுத்தே பார்த்தார். வாடகை வண்டியில் தொட்டிலை ஏற்றிவிட்டு, மீந்திருந்த ஒரு பாட்டிலை அத்தை கையில் கொடுத்தார். "மழையில மரம் ஊறிக்கும். வெயில் வந்ததும் இத்த போட்டு ஒரு தபா தொடச்சி காய வுடும்மா." அத்தை அதைத் துணிமணிக்குள் சொருகி வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஆள் வந்தது. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது, மெட்ராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று. நைனா கம்பெனிச் சட்டையோடு ரயில் ஏறினார். அத்தையும் மாமாவும் நைனாவும்தான் அங்கே இருந்தார்கள். அடுத்த நாள் குழந்தை போய்விட்டான். துணியில் சுற்றி ஆரம்பாக்கத்துக்குத்தான் கொண்டு வந்தார்கள். அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அடக்கம் முடிந்து அந்த ஓட்டு வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. அத்தையின் மாமியார் அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு வயித்துலயே பூட்ச்சி. இது பொறந்தும் தங்கல. வயித்துல கோளாறு இல்லாம வேற இன்னா, நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தார்கள். அத்தை எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கொழுந்தன் கையில் அந்தப் பழுப்பு பாட்டிலோடு வெளியே வந்தான். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"பாய்சன்னு போட்டுக்கீது. விஷம்."

"இன்னாடா சொல்ற?"

"விஷம்மா. செவப்புல போட்டுக்கீது. இததான் தொட்டில் பூரா தேச்சிக்கீறாரு."

நைனா வாசற்படிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மெடிக்கல் கடையில் வாங்கினதை, காலண்டர் தாளை, ஏதாவது ஒன்றை. அதற்குள் அத்தை கதவருகில் வந்து நின்றாள்.

"ஆமா. எங்க அண்ணன்தான் தேச்சிச்சி. நான் வாணாம் வாணாம்னு சொன்னேன், கேக்கல. எம்புள்ளைய கொன்னுட்ட இல்ல? இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத."

அத்தை ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கூடவே இருந்த எனக்குத் தெரியாதா? அம்மா, "அடிப்பாவி, வாய் கூசாம சொல்றியேடி" என்று பாய்ந்தாள். நைனா எழுந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "வா, போலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். போலீசுக்குப் போக வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மாமா, "வாணாம் வுடுங்க, ஒறவு அறுந்துச்சின்னு நெனச்சிக்கறேன்" என்றார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பின்னால் வெளிச்சம் தெரிந்தது. தொட்டிலைக் கொளுத்திவிட்டார்கள். அத்தனை எண்ணெய் குடித்த மரம், மழை ஈரத்திலும் நின்று எரிந்தது.

அதோடு அத்தை எங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அம்மா அவளைத் திட்டாத நாள் கிடையாது. குழம்பு தீய்ந்தாலும் அத்தை, கூரை ஒழுகினாலும் அத்தை. "உன் தங்கச்சிக்குன்னு நாயா அலைஞ்சியே, அவ உனக்குக் கட்டின பேரு இன்னா தெரியுமா? கொலகாரன்" என்பாள். நைனா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். ஆட்டைப் பார்ப்பது போல, வேலியைக் கட்டுவது போல ஏதாவது செய்துகொண்டு நிற்பார். தப்பு செய்தவர் போலத்தான் இருக்கும் பார்க்க. தெருவிலும் பேச்சு பரவியது. பிள்ளை பெற்ற வீடுகளில் அவரைக் கண்டதும் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். துரை என்று கூப்பிட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அத்தைக்கு அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்து தங்கியது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு நைனா என்னைப் பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போனார். வேண்டுதல் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருகிற கூட்டத்தில் நின்றுகொண்டு அவர் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துவிட்டேன். மரத்தடியில் அத்தை, மாமா, அவர்கள் வீட்டு ஆட்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை யாரோ ஒரு பங்காளியின் மடியில் உட்கார்ந்து வீரிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நைனா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு ஜோடி பொன் தோடு, துளியூண்டு. அதை உண்டியலில் போட்டுவிட்டு, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு அப்போது கோபம் கோபமாக வந்தது. நேரே போய் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, என்ன ஆண்பிள்ளை இவர் என்று நினைத்தேன்.

நான் நர்ஸ் படிப்புக்குப் போன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பால் குடிக்கும்போது நெற்றி வேர்க்கிற, அழுதால் உதடு கறுக்கிற குழந்தைகளை வார்டில் பார்த்தேன். இதயத்தில் ஓட்டை. அத்தையின் பிள்ளையே எதிரில் கிடப்பது போல இருந்தது. விடுமுறைக்கு வந்ததும் நைனாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அது தொட்டிலால இல்ல நைனா. பொறக்கும்போதே அதுக்கு இதயம் சரியில்ல. நீ ஒண்ணுமே பண்ணல."

"அப்படியா?" என்றார். என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத, மறுபடி கெளப்புவா" என்றார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சாவுக்குச் சொல்லி அனுப்பியும் அத்தை வரவில்லை. "கூடப் பொறந்தவனுக்கு ஒரு புடி மண்ணு போட வரல பாரு" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவும் போன வருடம் போய்விட்டாள். அவளுக்குப் பயந்துதான் நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். பெயிண்டுக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அந்த வாரத்திலேயே ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன்.

அத்தை இப்போது தன் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளும் மருமகனும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு என்பதால் மகள் சமையலறையில் இருந்தாள். அத்தை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். அந்த நிறமெல்லாம் போய்விட்டது. யார் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வார்டில் பார்த்ததை, வேர்வையை, உதட்டை, எல்லாவற்றையும். "நைனா மேல தப்பு இல்ல அத்தே. நீ அத தெரிஞ்சிக்கினு இருக்கணும், அதுக்குத்தான் வந்தேன்."

அத்தை சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க, இதயத்துல ஓட்ட, பொறவியிலயே வந்ததுன்னு. எங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னாங்க. உங்க மாமா மருந்து வாங்க வெளிய போயிருந்தாரு."

"நைனாவுக்கும் தெரியுமா?"

"பக்கத்துலதான நின்னுது. நான் வராண்டாவுல உக்காந்து அழுதேன். புள்ளைக்கு அழுதனா எனக்கு அழுதனான்னு இன்னிக்கும் தெரியல. 'வயித்து மேல பழி போட்டு அனுப்பிடுவாங்கண்ணா, அண்ணன் பொண்ண கொண்டாந்துடுவா எம் மாமியா'ன்னேன். அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்திச்சி. அப்புறம் சொல்லிச்சி, 'எம் மேல போட்டுடு'ன்னு."

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"'எங்கூட்டுக்கு நீ வந்துட்டா சோறு போடுவேன். ஆனா வாழாவெட்டின்னு ஒரு பேரு வரும், அது சாவற வரைக்கும் போவாது. எனக்கு இன்னா, பொண்டாட்டி புள்ள கீது, வேல கீது. தொட்டில்ல தேச்சது ஒத்துக்கலன்னு சொல்லிடு. நான் வாயே தொறக்க மாட்டேன்'னு சொல்லிச்சி. பாட்டில நான்தான் எடுத்து கொழுந்தன் கையில குடுத்தேன், இது இன்னான்னு படின்னு. அதுல விஷம்னு போட்டுருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒத்துக்கலன்னு சொல்லப்போனது கொலைன்னு ஆயிடிச்சி. அண்ணன் நிமிந்து பாக்கும்னு நெனச்சேன். பாக்கவே இல்ல."

"அப்புறமாவது பேசியிருக்கலாமே அத்தே."

"கொஞ்ச நாள் போவட்டும், கொஞ்ச நாள் போவட்டும்னு இருந்துட்டேன். பேசிட்டா வெளிய தெரிஞ்சிடுமே. அண்ணன் செத்த அன்னிக்கி கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன் கண்ணு. பெஞ்சில உக்காந்து அழுதுட்டு அடுத்த வண்டியில திரும்பிட்டேன். வந்திருந்தா அன்னிக்கு எல்லாத்தையும் கொட்டியிருப்பேன்."

எனக்கு அத்தை மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நைனா மேல்தான் வந்தது. தங்கை பிழைத்தாள், அது அவர் நினைத்தபடி நடந்தது. ஆனால் அம்மா கொலைகாரன் என்ற ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் எழுந்து வெளியே போனாரே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பி நின்று அம்மாவிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அத்தையும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் போல. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கணும் உன்ன. உங்கம்மாகிட்டயாவது அண்ணன் சொல்லிச்சா?"

அவள் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை. சாகும்போதுகூட அம்மா என்ன சொன்னாள் என்பது என் காதில் அப்படியே இருந்தது.

"சொன்னாரு அத்தே" என்றேன். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கு சந்தேகம் வரக்கூடாதுன்னு உன்ன திட்டிக்கினு இருந்தாங்க. ஊட்டுக்குள்ள ரெண்டு பேரும் உன்னப் பத்திதான் பேசிக்குவாங்க."

அத்தையின் பிடி தளர்ந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நல்ல வேள" என்றாள். "அது ஒண்ணுதான் எனக்குத் தூக்கமே இல்லாம பண்ணிச்சி. யார்கிட்டயும் சொல்லாமயே பூட்ச்சோன்னு."

பிறகு மகளைக் கூப்பிட்டு, எனக்கு இலை போடச் சொன்னாள்.